செயற்கைக்கோள் தரும் எண்ணை எப்போது நம்பலாம்?

2022 பிப்ரவரியில், பவானி ஆற்றுப் பாசனத்தில் உள்ள கரும்புத் தோட்டங்களின் பசுமைக் குறியீட்டை (பயிர் எவ்வளவு பசுமையாக இருக்கிறது என்று காட்டும் எண்) முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்தவை சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள். முந்தைய பிப்ரவரியில் 0.75 காட்டிய தோட்டங்கள் இப்போது 0.5 காட்டின. ஒரு தோட்டம் மட்டும் என்றால் கரும்பை வெட்டியிருப்பார்கள் என்று விட்டுவிடலாம். பார்த்த இடமெல்லாம் அதே சரிவு. தண்ணீர் பற்றவில்லையா, நோய் விழுந்துவிட்டதா என்று பதறிக் கோபிசெட்டிபாளையம் பக்கம் நேரில் போனேன். கரும்பு ஆள் உயரம் தாண்டிக் கரும்பச்சையாக நின்றுகொண்டிருந்தது. "கரும்புக்கு என்ன குறை தம்பி?" என்று தோட்டத்துக்காரர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் படத்தின் துணைக் கோப்பில் இருந்தது. 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை, சென்டினல்-2 படங்களின் ஒவ்வோர் எண்ணோடும் 1000 கூட்டி வெளியிடத் தொடங்கியிருந்தது. மிக இருண்ட இடங்களில் கருவியின் மின் இரைச்சலால் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது அது வெட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பயன்படுத்துகிறவர் அந்த 1000-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பு முன்பே வந்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. பசுமைக் குறியீட்டைப் படத்தின் சிவப்பு ஒளிப் பட்டையையும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளிப் பட்டையையும் வைத்துக் கணக்கிடுகிறோம். சிவப்புப் பட்டையில் 500, அண்மை அகச்சிவப்பில் 3500 என்று இருந்தால், வித்தியாசமான 3000-ஐக் கூட்டுத்தொகையான 4000-ஆல் வகுத்து 0.75 வரும். இரண்டிலும் 1000 கூடிவிட்டால் வித்தியாசம் அதே 3000, கூட்டுத்தொகை 6000. விடை 0.5. கரும்பு அப்படியே இருந்தது. என் கணக்கின் பூஜ்யம் இடம் மாறியிருந்தது.

அன்றிலிருந்து எந்தப் படத்தைத் திறந்தாலும் "இந்த எண்ணை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன். கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் வேளாண்மை, புவியியல், பொறியியல் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வரும் இளைஞர்கள் பலர் நேராக வரைபடம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் வரைபடத்துக்கு முன்னால் கடக்க வேண்டிய படிகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எண்ணின் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

தரையிலிருந்து கிளம்பும் ஒளி தொலைநோக்கியின் ஆடிகளில் பட்டு, வடிகட்டி வழியே ஒரு நுண்ணிய உணர்கலத்தில் விழுகிறது. அங்கே எழும் மின்னூட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. 12 பிட் கருவி என்றால் 0 முதல் 4095 வரை. அந்த எண்ணுக்கு அலகு கிடையாது. 2300 என்றால் எவ்வளவு ஒளி என்று கருவிக்கே தெரியாது. இவ்வளவு ஒளிக்கு இந்த எண் என்று ஒருவர் முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த வேலைதான் அளவுத்திருத்தம். ஆய்வகங்களில் காலிபரேஷன் என்றே சொல்வார்கள்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையைத் தராசில் ஏற்றும் முன் விவசாயியின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். வெறும் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்கச் சொல்வார். உணரிக்கும் கேள்விகள் இவ்விரண்டுதான்: ஒளியே இல்லாதபோது என்ன காட்டுகிறது, தெரிந்த அளவு ஒளியைக் காட்டினால் என்ன காட்டுகிறது. எடைக்கல்லை நம்புவதற்குக் காரணம், அதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் தன்னிடம் உள்ள மேல்நிலைக் கல்லோடு ஒப்பிட்டிருக்கிறார். அந்தக் கல் இன்னொன்றோடு ஒப்பிடப்பட்டிருக்கிறது. படிப்படியாக ஏறிப்போனால் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முடியும். ஒளிக்கும் இப்படி ஓர் ஒப்பீட்டுச் சங்கிலி உண்டு. அமெரிக்கக் கருவி என்றால் அந்த நாட்டின் தர நிர்ணய நிறுவனத்தில் போய் முடியும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அந்த அளவை அடுத்தவரின் அளவோடு ஒப்பிட வழியில்லை.

நான் இந்த வேலைக்கு வரும் முன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். காலையில் லேப் டிப் என்னும் மாதிரிச் சாயத் துணிகளை எடுக்கும் முன், நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவிக்கு இரண்டைக் காட்ட வேண்டும். ஒளியை உறிஞ்சிவிடும் கறுப்புப் பொறி ஒன்று. வெள்ளை டைல் ஒன்று. அந்த டைலின் பின்னால் கருவியின் வரிசை எண்ணே பொறித்திருக்கும். பக்கத்துக் கருவியின் டைலை எடுத்து வைத்தால் மாஸ்டர் கடிந்துகொள்வார். ஐரோப்பாவில் துணி வாங்குகிறவரின் கருவியும் திருப்பூரில் இருக்கும் கருவியும் ஒரே ஷேடைச் சொல்வது இந்த டைலின் பலத்தால்தான். ஷேடு லைட் பாக்ஸின் விளக்குக்கு விளக்கு மாறித் தெரியும் என்பதையும் அங்கேதான் கற்றேன். செயற்கைக்கோளுக்கு விளக்கு சூரியன். அது நாளுக்கு நாள் கோணம் மாறும் விளக்கு. இது நான்காம் படியில் மீண்டும் வரும்.

இரண்டாம் படி: ஏவுவதற்கு முன் நடப்பது

விண்ணுக்குப் போய்விட்ட கருவியைத் தொட முடியாது. ஆகவே கையில் இருக்கும்போதே அதன் குணங்களையெல்லாம் அளந்து எழுதிவைத்துவிடுகிறார்கள். இந்தியாவின் புவிநோக்குக் கருவிகளில் பெரும்பாலானவற்றை உருவாக்குவது அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம்.

முதலில் இருட்டு. கருவியை முழுதாக மூடினாலும் உணர்கலம் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். வெப்பநிலை ஏறினால் அதுவும் ஏறும். அதனால் வெவ்வேறு வெப்பநிலைகளில் இருட்டு எண்ணைப் பதிவு செய்கிறார்கள்.

அடுத்தது, உட்புறம் முழுவதும் வெள்ளைப் பூச்சுப் பூசிய பெரிய உள்ளீடற்ற கோளம். இன்டெக்ரேட்டிங் ஸ்பியர் என்பார்கள். உள்ளே விளக்குகள் எரியும். ஒளி சுவருக்குச் சுவர் பலமுறை மோதிக் கலந்துவிடுவதால், கோளத்தின் வாய் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே சீரான ஒளியோடு தெரியும். கருவியை அந்த வாயைப் பார்க்க வைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே எண்களைப் பதிவார்கள். ஒளி பாதியானால் எண்ணும் பாதியாகிறதா என்பது இதில் தெரிந்துவிடும். அந்தக் கோளத்தின் ஒளி எவ்வளவு என்பதை யார் சொல்வது? அதற்குத் தர ஆய்வகம் சான்றளித்த 1000 வாட் விளக்குகள் இருக்கின்றன. அவை 50 சென்டிமீட்டர் தொலைவில் எவ்வளவு ஒளி தரும் என்று அலைநீளம் வாரியாக அளந்து கொடுத்திருப்பார்கள். எரியஎரிய விளக்கின் குணம் மாறும் என்பதால், எத்தனை மணி நேரம் எரிந்தது என்று நோட்டில் குறித்து மிகச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே பல்லடம், சோமனூர் தறிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும் விஷயம் ஒன்று உண்டு. இன்றைய கருவிகள் பலவற்றில் உணர்கலங்கள் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்கின்றன. செயற்கைக்கோள் முன்னால் நகர, ஒவ்வோர் உணர்கலமும் தனக்குரிய ஒரு நீளக் கோட்டை வரைந்துகொண்டே போகும். உணர்கலங்களைப் பாவு நூல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பாவு நூல் தடித்துப்போனாலும் துணியின் நீளம் முழுக்கக் கோடு விழும் அல்லவா? படத்திலும் அப்படியே விழும். அமெரிக்காவின் லேண்ட்சாட்-8 செயற்கைக்கோளின் கருவியில் ஒரு பட்டைக்கு ஏறத்தாழ 7,000 உணர்கலங்கள். அவை 14 தொகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குணகம் கண்டுபிடித்தால்தான் சீரான நிலத்தின் படம் சீராக வரும். படத்தில் பறக்கும் திசையில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் வாய்க்காலோ வரப்போ என்று தேடாதீர்கள். முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது பட்டைகளின் எல்லை. சிவப்புப் பட்டை என்று பெயர் வைத்துவிட்டால் போதாது. எந்த அலைநீளத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் ஏறி இறங்கும் வடிவம் என்ன, எல்லைக்கு வெளியே இருந்து ஒளி கசிகிறதா என்பதை ஒற்றை அலைநீள ஒளியைச் சிறிது சிறிதாக நகர்த்தி அளக்கிறார்கள். இந்த வடிவத்தை வெளியிடாத கருவியின் தரவை மற்றொன்றோடு ஒப்பிட முயல வேண்டாம் என்பதே என் அறிவுரை.

இவற்றோடு வெற்றிட அறையில் குளிரவும் சூடாகவும் வைத்துச் சோதனை, ஓரத்திலிருந்து நுழையும் வேண்டாத ஒளியின் சோதனை, முனைவாக்கச் சோதனை எல்லாம் உண்டு. எல்லாம் முடிந்த பிறகும் பிழை பூஜ்யமாகாது. லேண்ட்சாட்-8-க்கு விதித்த எல்லை, எதிரொளிப்பில் (விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கு) 3 சதவீதம், கதிர் ஒளிர்வில் (கருவியை வந்தடையும் ஒளியின் அளவு) 5 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வில் 2 சதவீத மாற்றம் தெரிகிறது என்று யாரிடமும் சொல்லுமுன் இவை நினைவுக்கு வர வேண்டும்.

மூன்றாம் படி: மேலே போன பிறகு

ராக்கெட்டின் அதிர்வு, வெற்றிடம், புற ஊதாக் கதிர்கள், கருவியின் பாகங்களிலிருந்தே கசிந்து ஆடியில் படியும் ஆவிகள் என எல்லாம் சேர்ந்து கருவியை மாற்றிவிடுகின்றன. 2011 அக்டோபர் 28 அன்று ஏவப்பட்ட அமெரிக்காவின் சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். அதன் கருவியில் அண்மை அகச்சிவப்புப் பட்டைகளின் உணர்திறன் ஏவிய சில வாரங்களிலேயே சரியத் தொடங்கியது. தொலைநோக்கி ஆடிகளில் டங்ஸ்டன் ஆக்சைடு படிந்திருந்ததும், சூரியனின் புற ஊதா ஒளி பட்டு அது கறுத்ததும்தான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. சரிவை வாரா வாரம் அளந்துகொண்டே வந்ததால் தரவைத் திருத்திக் காப்பாற்ற முடிந்தது.

அளப்பதற்கு மேலே என்ன இருக்கிறது? முதலில் சூரியன். கருவிக்குள் ஒரு வெள்ளைப் பலகை. அதைச் சூரியனுக்குக் காட்டி, அதிலிருந்து சிதறும் ஒளியைக் கருவி பார்க்கிறது. ஆனால் சூரிய ஒளி பட்டுப்பட்டு அந்தப் பலகையே பழுப்பேறும். அதனால் லேண்ட்சாட்-8-இல் இரண்டு பலகைகள். ஒன்றை வாரந்தோறும் பயன்படுத்துகிறார்கள். மற்றொன்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கிறார்கள். கோவையில் பம்புசெட் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைகளில் இந்தப் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. தினசரி வேலைக்கு ஒரு கேஜ். அந்தக் கேஜ் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பெட்டியில் பூட்டி வைத்த மாஸ்டர் கேஜ். நாசாவின் மோடிஸ் கருவியில் வேறு வழி செய்தார்கள்: பலகை எவ்வளவு பழுப்பேறியிருக்கிறது என்று கண்காணிக்கவே தனியாக ஒரு கருவி.

அடுத்தது நிலா. இதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதுமே ஆசை. நிலாவில் காற்று இல்லை, மழை இல்லை, புல் இல்லை. அதன் தரையின் எதிரொளிப்பு ஓர் ஆண்டில் பத்துக் கோடியில் ஒரு பங்குகூட மாறுவதில்லை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதர் செய்த எந்த வெள்ளைப் பலகைக்கும் இந்த உறுதி இல்லை. 1997-இல் ஏவப்பட்ட சீவிஃப்ஸ் என்ற கடல் நிறக் கருவி மாதந்தோறும் நிலாவைப் பார்த்தே தன் தேய்மானத்தைக் கணக்கிட்டது. லேண்ட்சாட்-8, 9 இரண்டும் மாதம் ஒருமுறை நிலா பக்கம் திரும்புகின்றன. சரியாகப் பௌர்ணமி உச்சத்தில் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 7 பாகை விலகிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உச்சத்தில் நிலாவின் ஒளி திடீரென்று கூடும் என்பதே காரணம். எந்த நாளில் எவ்வளவு ஒளி வரவேண்டும் என்று சொல்லும் கணித மாதிரியை அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபில் பல ஆண்டுகள் நிலாவைப் படம் எடுத்து உருவாக்கினார்கள்.

மூன்றாவது, பாலைவனம். அல்ஜீரியா, லிபியா, மொரிட்டானியா நாடுகளில் ஆறு மணல்வெளிகளை உலக விண்வெளி அமைப்புகள் சேர்ந்து தேர்ந்தெடுத்திருக்கின்றன. லிபியா-4 என்பது அவற்றில் புகழ்பெற்றது. ஆண்டுக்கணக்கில் அதன் எதிரொளிப்பு பெரிதாக மாறுவதில்லை; ஆகவே படத்தில் மாறினால் மாறியது கருவிதான். தன் கட்புலப் பட்டைகளுக்கு உள்ளேயே சரிபார்க்கும் வசதி எதுவும் இல்லாமல் வானிலைச் செயற்கைக்கோள்களில் பறந்த ஏவிஎச்ஆர்ஆர் கருவிகளின் நீண்ட காலப் பசுமைப் பதிவுகள் இப்படிப்பட்ட பாலைவனங்களை நம்பித்தான் திருத்தப்பட்டன.

நம் ஊரில் அப்படி ஓர் இடம் தேட முடியாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நானும் தேடினேன். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள் பரந்தவை. ஆனால் கொழுக்கட்டைப் புல் மழைக்கு முளைத்து வெயிலுக்குக் காய்ந்து மாதந்தோறும் நிறம் மாறும். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கப் பகுதி பளிச்சென்று தெரியும். வெட்டி எடுத்துக்கொண்டே இருப்பதால் வடிவம் நிற்காது. கோவை விமான நிலைய ஓடுபாதை 30 மீட்டர் அகலமுள்ள ஒரு லேண்ட்சாட் படப்புள்ளியைத் தாண்டிக் கொஞ்சம்தான் அகலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும். பயிர் செய்து வாழும் ஊர் இது, அளவுகோலாக அசையாமல் கிடக்காது. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் தேசல்பரையும், கடல் நிறக் கருவிகளுக்கு லட்சத்தீவின் கவரத்தியையும் பயன்படுத்துகிறார்கள்.

நான்காவது வழி, தரையில் தானியங்கிக் கருவிகளை நட்டுவைப்பது. அமெரிக்காவின் ரெயில்ரோடு பள்ளத்தாக்கு, பிரான்சின் லா க்ரோ, நமீபியாவின் கோபாபெப், சீனாவின் பாவ்டோ ஆகியவை ராட்கால்நெட் என்ற பெயரில் இணைந்திருக்கின்றன. பகலில் அரை மணிக்கு ஒருமுறை, 10 நானோமீட்டர் இடைவெளியில், தரை எப்படித் தெரியும் என்று அவை கணித்துத் தருகின்றன. யாரும் பதிவு செய்து அந்தத் தரவைப் பெறலாம்.

கடைசி வழி, ஒரு செயற்கைக்கோளை இன்னொன்றின் அடியில் பறக்கவிடுவது. 2021 செப்டம்பர் 27-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-9, தன் இடத்துக்குப் போகும் வழியில் அந்த நவம்பரில் சில நாள் லேண்ட்சாட்-8-இன் கீழே பறந்தது. இரண்டும் ஒரே நிலத்தை ஏறத்தாழ ஒரே நேரத்தில் பார்த்தன. இன்று எட்டு நாளுக்கு ஒருமுறை நமக்குக் கிடைக்கும் லேண்ட்சாட் வரிசையை ஒரே கருவி எடுத்ததுபோல் பயன்படுத்த முடிவதற்கு அந்தச் சில நாட்கள்தான் அடிப்படை.

நான்காம் படி: உங்கள் மேசையில்

இனி உங்கள் வேலை. படத்தைப் பதிவிறக்கியதும் படத்தைத் திறக்காதீர்கள். கூடவே வரும் துணைக் கோப்பைத் திறங்கள். அங்கே பெருக்கும் குணகமும் கூட்டும் குணகமும் இருக்கும்.

லேண்ட்சாட்-8, 9-இன் முதல் நிலைத் தரவுக்கு (காற்றின் பாதிப்பை இன்னும் நீக்காத தரவு) எண்ணை 0.00002-ஆல் பெருக்கி 0.1 கழிக்க வேண்டும். கிடைத்ததைச் சூரியனின் உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கோவை ஏறத்தாழ 11 பாகை வடக்கு. செயற்கைக்கோள் கடக்கும் காலை நேரத்தில் ஏப்ரல் நடுவில் சூரியன் சுமார் 64 பாகை உயரத்தில் நிற்கும்; டிசம்பர் இறுதியில் சுமார் 47 பாகைதான். கோணத்தால் மட்டுமே தரையில் விழும் ஒளி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. படத்தில் 10000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். குணகங்களைப் போட்டால் 0.1. ஏப்ரலில் அது 0.111 ஆகிறது, டிசம்பரில் 0.137. ஒரே எண், இரண்டு வேறு நிலங்கள். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தொலைவும் மாறுகிறது: ஜனவரியில் கிடைக்கும் ஒளி ஜூலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அதிகம். லேண்ட்சாட் குணகங்களில் இந்தத் தொலைவு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

சென்டினல்-2-இன் முதல் நிலைத் தரவில் சூரியக் கோணத்தை அவர்களே திருத்தித் தருகிறார்கள். நீங்கள் மீண்டும் வகுத்தால் தவறு. எண்ணில் 1000 கழித்து 10000-ஆல் வகுத்தால் போதும். எந்தப் படத்துக்கு 1000 கழிக்க வேண்டும் என்பதைத் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய படங்களையும் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருப்பதால், 2019-ஆம் ஆண்டுப் படத்திலும் 1000 கூடியிருக்கலாம். கோப்பின் பெயரில் 'என்' என்ற ஆங்கில எழுத்தை அடுத்து நான்கு இலக்கங்கள் வரும். அது செயலாக்கப் பதிப்பு. 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள். கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்கிறவர்கள் 'ஹார்மனைஸ்டு' என்ற பெயருள்ள தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நம் நாட்டு ரிசோர்ஸ்சாட் படங்களை ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி இணையதளத்தில் பெறலாம். அவற்றின் துணைக் கோப்பில் ஒவ்வொரு பட்டைக்கும் உச்ச ஒளிர்வும் அடிமட்ட ஒளிர்வும் கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து வருவது கதிர் ஒளிர்வு. அதை எதிரொளிப்பாக்க, பை மதிப்பாலும் சூரியத் தொலைவின் இருமடியாலும் பெருக்கி, அந்தப் பட்டைக்கு உரிய சூரிய ஒளியாலும் உயரக் கோணத்தின் சைனாலும் வகுக்க வேண்டும். ஒருமுறையாவது இதைக் கையால் செய்து பாருங்கள். மென்பொருள் ஒரு பொத்தானில் செய்து தருவதில் எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டு செயற்கைக்கோள்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் பட்டையின் வடிவத்தையும் பாருங்கள். சென்டினல்-2-இன் 8-ஆம் பட்டை அகலமானது. லேண்ட்சாட்-8-இன் 5-ஆம் பட்டைக்கு நெருக்கமாக இருப்பது அதன் 8ஏ பட்டை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பை இரண்டிலும் பார்க்க வேண்டுமானால் 8ஏ-வை எடுங்கள். 10 மீட்டர் நுணுக்கம் போய் 20 மீட்டர் ஆகும், பரவாயில்லை.

ஐந்தாம் படி: பவானிசாகரில் ஒரு சோதனை

கணக்குச் சரியா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஆழமான தெளிந்த நீர் அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடும். பவானிசாகர் அணையில் கரையை விட்டு விலகி, அணைச்சுவருக்கு அருகே ஆழமான பகுதியில் சில படப்புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து எதிரொளிப்பைப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் 0.01 முதல் 0.04 வரை வந்தால் சரி. அந்தச் சிறு மிச்சம் காற்று சிதறிய ஒளி. சென்டினல்-2 படத்தில் 0.1-ஐத் தாண்டினால் 1000-ஐக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். எதிர்மறையாக இறங்கிப்போனால் இரண்டு முறை கழித்திருக்கிறீர்கள். வெள்ளம் வந்து நீர் கலங்கிய நாளையும் பாசி படர்ந்த பகுதியையும் தவிர்க்க வேண்டும். சூரியன் உயரமாக நிற்கும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் மின்னி எண்ணை உயர்த்திவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மேட்டூரிலும் ஆழியாறிலும் இதையே செய்யலாம். 2022-இல் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால் கோபி வரை போயிருக்க மாட்டேன்.

ஆறாம் படி: வயலில் அளக்கும்போது

ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கும் கையடக்க நிறமாலைமானி கிடைத்தால் தரையிலும் அளந்து பாருங்கள். செயற்கைக்கோள் கடப்பதற்கு அரை மணி முன்பும் பின்பும் உள்ள நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சில அளவுக்கும் இடையில் வெள்ளைப் பலகையை அளக்க வேண்டும். அதுதான் உங்கள் எடைக்கல். வெள்ளை வேட்டி சட்டையில் தோட்டத்துக்குப் போவது நம் ஊர் வழக்கம். அன்று மட்டும் வேண்டாம். உங்கள் சட்டையில் பட்ட வெயில் பலகை மேல் தெறித்து அளவைக் கெடுக்கும். அடர்ந்த நிற உடை போட்டுக்கொண்டு, நிழல் விழாத பக்கம் நின்று, கையை நீட்டிப் பிடியுங்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நிலத்தின் அளவும் முக்கியம். குறைந்தது மூன்றுக்கு மூன்று படப்புள்ளிகள் ஒரே பயிருக்குள் விழ வேண்டும். லேண்ட்சாட்டுக்கு அது 90 மீட்டர் சதுரம், அதாவது இரண்டு ஏக்கர். சென்டினல்-2-இன் 10 மீட்டர் பட்டைகளுக்கு 22 சென்ட் போதும். வரப்பு ஓரத்தை விட்டு உள்ளே தள்ளியே அளவெடுங்கள்.

ரேடாரும் வெப்பமும்

ரேடார் படங்களுக்கு வெள்ளைப் பலகைக்குப் பதில் மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இணைத்த மூலை எதிரொளிப்பான் பயன்படுகிறது. அதன் திறந்த பக்கத்தில் பல கோணங்களில் அலை வந்தாலும் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். முக்கோணத் தகடுகளின் விளிம்பு 1 மீட்டர் என்றால், சென்டினல்-1-இன் 5.6 சென்டிமீட்டர் அலைக்கு அது சுமார் 1,300 சதுர மீட்டர் பரப்புக்கு இணையாகப் பளிச்சிடும். விளிம்பை இரட்டித்தால் பளிச்சிடல் 16 மடங்கு. செங்கோணம் பிசகினால் எல்லாம் வீண். கோவைப் பட்டறைகளின் கைகளுக்கு இது பொருத்தமான வேலை என்று உறுதியாக நம்புகிறேன். இந்த மண்டலத்துக் கல்லூரிகள் இதைக் கையில் எடுக்க வேண்டும். 2025 ஜூலை 30-இல் ஏவப்பட்ட நிசார் என்ற இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளின் தரவோடு வேலை செய்யப்போகும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பெரிய பரப்புக்கு அமேசான் காட்டைப் பயன்படுத்துகிறார்கள். ரேடாருக்கு அந்தக் காடு எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே சீராகத் தெரியும்.

வெப்பப் பட்டைகளுக்கு இரண்டு புள்ளிகள்: குளிர்ந்த ஆழ்வெளி ஒன்று, வெப்பநிலை தெரிந்த கரும்பொருள் ஒன்று. லேண்ட்சாட்-8-இன் வெப்பக் கருவியில் பார்வைப் பரப்புக்கு வெளியே இருந்து ஒளி நுழைந்து எண்களைக் கெடுத்தது. 11-ஆம் பட்டையில் பாதிப்பு அதிகம். லேண்ட்சாட்-9-இல் தடுப்புகள் சேர்த்துச் சரிசெய்தார்கள். திருப்பூர், கோவை நகர வெப்பத்தை ஆராய்கிறவர்கள் 10-ஆம் பட்டையை வைத்துத் தொடங்குவது நல்லது.

தொடங்க ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் திறந்திருக்கும். ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். படத்தின் தேதி, செயலாக்கப் பதிப்பு, சூரிய உயரக் கோணம், பெருக்கியதும் கழித்ததும், பவானிசாகரின் ஆழ்நீர் காட்டிய எண் என்று ஐந்து பத்திகள் போடுங்கள். கடைசிப் பத்தி நிரம்பாத வரிசையில் உள்ள படத்தை அடுத்த வேலைக்கு எடுக்காதீர்கள். என் நோட்டில் முதல் வரிசை 2022 பிப்ரவரிப் படத்துக்கு உரியது. அந்த ஐந்தாம் பத்தியில் முதலில் எழுதிய 0.12-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 0.02 என்று எழுதியிருக்கிறேன்.